நாலு முறை போனால் போட்ட காசு வந்துவிடுமா? பனிச்சறுக்கு சீசன் பாஸ் பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. இந்தக் கோடையில்தான் டெக்சஸிலிருந்து டென்வர் பக்கம் குடிவந்திருக்கிறீர்கள். நீங்கள், மனைவி, மூன்றாம் வகுப்புக்குப் போகும் 8 வயது மகள், 4 வயது மகன். நால்வரில் ஒருவரும் இதுவரை ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியதில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறைக்குப் பிறகு விலை ஏறிவிடும், அதற்குள் பல ஸ்கீ மலைகளுக்கும் சேர்த்துச் சீசன் முழுவதும் செல்லும் எபிக் பாஸ் வாங்கிவிடுங்கள், நாலு முறை போனாலே போட்ட காசு வந்துவிடும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். நாலு பேருக்கும் எடுத்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்கிறீர்கள். பார்த்தால் வெறும் கூட்டல் கழித்தல்போலத் தெரிகிறது. ஆனால் நீங்கள் தயங்குவது வேறொன்றுக்காக என்று நினைக்கிறேன். குடும்பத்துக்கு இது பிடிக்குமா, பிடிக்காதா என்று தெரிவதற்கு முன்பே பெரிய தொகையைக் கட்டலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

எனக்கு வார நாட்களில் மென்பொருள் வேலை. குளிர்கால வாரக் கடைசிகளில், முதல்முறை வருபவர்களுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுக்கும் பகுதிநேர வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: முதல் வருடம் பெரியவர்கள் இருவரும் முழு சீசன் பாஸ் எடுக்க வேண்டாம். மகனுக்கு ஒன்றுமே வாங்க வேண்டாம். 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எபிக் மலைகளில், சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் இலவசம். மகளுக்குச் செலவே இல்லாத, அல்லது மிகக் குறைந்த செலவில் முடிகிற வழிகள் இருக்கின்றன, அதைக் கீழே சொல்கிறேன். இரண்டாவது வருடம் இதே கேள்வியைக் கேட்டீர்களானால் என் பதில் வேறாக இருக்கலாம்.

முதலில் அந்த ‘நாலு முறை’ கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2025-26 சீசனுக்கான எபிக் பாஸ் வசந்தத்தில் விற்பனைக்கு வந்தபோது பெரியவர்களுக்கு 1,051 டாலர். அந்தப் பாஸ் செல்லும் பெரிய மலைகளில் ஒன்றான வேல் (Vail) மலையில் கூட்டம் மிகுந்த நாளில் டிக்கெட் ஜன்னலில் ஒரு நாள் டிக்கெட் வாங்கினால் 300 டாலரைத் தாண்டுகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மூன்றரை. ஆகவே நாலு நாள். கணக்கில் பிழையில்லை, ஆனால் வகுக்கும் எண்ணே தவறு. கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போகும் உள்ளூர்க்காரர் யாரும் அந்த விலை கொடுத்து மலையேறுவதில்லை. எபிக் பாஸை விற்கும் வேல் ரிசார்ட்ஸ் நிறுவனத்தின் மலைகளுக்கு வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் முன்கூட்டியே ஏதோவொரு பாஸ் வாங்கியவர்கள். ஜன்னல் விலை அவ்வளவு உயரத்தில் இருப்பதற்கு முக்கியக் காரணமே, அதைப் பார்த்து நாம் பாஸ் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான்.

இதன் பின்னணி தெரிந்தால் விலைப்பட்டியலைப் படிப்பது சுலபம். ஸ்கீ மலை நடத்துபவர்களுக்குப் பனி எப்போதும் நிச்சயமில்லாத சரக்கு. பனி பெய்யாத வருடம் கூட்டம் வராது, சம்பளமும் மின்சாரமும் அப்படியே இருக்கும். 1998இல் வின்டர் பார்க் மலை, நாலு பேர் சேர்ந்து வாங்கினால் தலைக்கு 200 டாலர் என்று ஒரு பாஸைக் கொண்டுவந்தது. டென்வரைச் சுற்றியிருந்த மற்ற மலைகளும் விலையைக் குறைத்துப் போட்டியில் இறங்கின. 2008இல் வேல் ரிசார்ட்ஸ் பல மலைகளை ஒன்றாகச் சேர்த்து, கட்டுப்பாடுகள் இல்லாத எபிக் பாஸை 579 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. 2018இல் ஆல்டெரா நிறுவனத்தின் ஐகான் பாஸ் வந்தது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: பனி விழுவதற்கு முன்பே பணம் கைக்கு வந்துவிட வேண்டும். பனி வராத நஷ்டத்தில் ஒரு பங்கு அப்போது நம் தலைக்கு மாறுகிறது. அதற்கு ஈடாகத்தான் விலையில் சலுகை. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. இரண்டு பக்கத்துக்கும் லாபமான ஏற்பாடாக இருக்க முடியும், நீங்கள் உண்மையிலேயே அடிக்கடி போகிறவராக இருந்தால்.

ஆகவே பாஸ் விலையை ஜன்னல் விலையோடு ஒப்பிடாதீர்கள். பாஸ் இல்லாவிட்டால் நீங்கள் வாங்கக்கூடிய அடுத்த மலிவான வழி எது என்று பாருங்கள், அதோடு ஒப்பிடுங்கள். எபிக்கிலேயே ‘டே பாஸ்’ என்று ஒன்று உண்டு. ஒரு நாள் முதல் 7 நாள் வரை எத்தனை வேண்டுமோ அத்தனை நாட்களை முன்கூட்டி வாங்கலாம். விலை கூடிய வேல், பீவர் க்ரீக் மலைகள் வேண்டாம், கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ் மலைகள் போதும், விடுமுறை நாட்களும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து, சீக்கிரமாகவும் வாங்கினால் ஒரு நாளுக்கு 100 டாலரை ஒட்டித்தான் வரும். நாட்கள் கூடக் கூட ஒரு நாள் விலை இன்னும் இறங்கும். இப்போது வகுத்துப் பாருங்கள். 1,051 டாலர் பாஸ் சரிக்குச் சரியாக வரப் பத்துப் பதினோரு நாள் வேண்டும். அதைவிட மலிவான, 780 டாலரை ஒட்டிய எபிக் லோக்கல் பாஸுக்கே எட்டு நாள். ஆபீஸில் சொன்ன நாலு, எட்டாகவும் பத்தாகவும் மாறிவிட்டது. இந்த எண்களில் பத்து இருபது டாலர் வருடத்துக்கு வருடம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி இதே அளவில்தான் இருந்துவருகிறது.

அடுத்தது நாட்களின் எண்ணிக்கை. ‘வாராவாரம் போவோம்’ என்று ஆகஸ்டில் சொல்லாதவர் கிடையாது. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு மனைவியோடு உட்காருங்கள். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை 15, 16 வாரக் கடைசிகள் வரும். நம் ஊர்க் குடும்பங்கள் பலவும் பள்ளி விடுமுறையை ஒட்டி டிசம்பர் கடைசியில் சென்னைக்கோ மதுரைக்கோ போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வருகிறோம். நீங்களும் அப்படியென்றால் பனி நன்றாக இறுகும் காலத்தில் மூன்று வாரம் போயிற்று. ஜனவரியில் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா, அதற்கு முந்தைய வாரங்களில் குழந்தைகளின் நடன ஒத்திகை. தமிழ்ப் பள்ளி வாரக் கடைசியில் என்றால் ஒரு நாள்தான் மிஞ்சும். 4 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் குளிர்காலத்தில் சளி, காய்ச்சல் என்று இரண்டு வாரமாவது போகும். விடுமுறை நாட்களில் செல்லாத மலிவான பாஸாக இருந்தால் அந்த நாட்களையும் கழியுங்கள். மிஞ்சுவதைப் பார்த்தால் முதல் வருடம் ஐந்தாறு நாளுக்கு மேல் போகும் குடும்பத்தை நான் அதிகம் கண்டதில்லை. ஆர்வம் இல்லாததால் இல்லை. வாழ்க்கை அப்படி அமைந்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தைப் பாஸ் விளம்பரம் சொல்லாது. மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்தால், ஒவ்வொரு வேளையும் சாப்பிடப் போவதற்குத் தனிச் செலவில்லை. இங்கே பாஸ் கையில் இருந்தாலும் மலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் காசு செலவாகும். மலையில் ஒருவருக்கு ஒரு நாள் ஸ்கீ, பூட்ஸ், கழி வாடகை 60, 70 டாலர் ஆகிவிடுகிறது. போவதானால் டென்வரில் உள்ள கடைகளில் சீசன் முழுவதற்குமான வாடகைக்கு எடுங்கள், குழந்தைகளுக்கு அது மிகவும் மலிவு. பெரிய ரிசார்ட்களில் ஒரு நாள் குழுப் பாடம் 200 டாலரைத் தாண்டுவது சாதாரணம். பாஸில் பாடமும் சேராது, வாடகையும் சேராது. பெட்ரோல், சில மலைகளில் பார்க்கிங் கட்டணம், சாப்பாடு தனி. (புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு போங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிட மேசை பல இடங்களில் உண்டு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.) காருக்கு நல்ல டயர் வேண்டும்: செப்டம்பர் 1 முதல் மே 31 வரை டென்வரிலிருந்து மலைகளுக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில், தகுந்த டயரோ சங்கிலியோ இல்லாமல் போனால் அபராதம்.

அந்த ஐ-70 பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாஸைப் பயன்படுத்தாமல் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் அதுதான். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் கீஸ்டோன் போய்விடலாம். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஃப்ளாய்டு ஹில் இறக்கத்திலேயே முன்னால் முழுக்க வண்டிகளின் சிவப்பு பிரேக் விளக்கு. திரும்பும்போது மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு முன்னால் வண்டிகள் நகராது. பனி கொட்டும் ஞாயிறு என்றால் மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகும். பின்சீட்டில் ஈரக் கையுறையோடு 4 வயதுக் குழந்தை பசியில் அழும்போது, அடுத்த வாரமும் போகலாம் என்று சொல்ல மனம் வராது. இதை நீங்கள் இரண்டு முறை அனுபவித்த பிறகு எடுக்கும் முடிவுதான் நம்பத்தகுந்த முடிவு.

முதல் வருடம் முழுப் பாஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இவற்றைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. வேல் மலையின் பரப்பு 5,317 ஏக்கர். பாஸில் நீங்கள் பணம் கொடுப்பது அந்தப் பரப்புக்கும், அதுபோன்ற இன்னும் பல மலைகளுக்கும் சேர்த்து. முதல்முறை வருபவர் நிற்கப்போவதோ, வீட்டுத் தோட்டம் அளவுள்ள ஒரு சரிவில். தரையோடு தரையாக மெல்ல மேலே இழுத்துப்போகும் மேஜிக் கார்பெட்டில் ஏறி, ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து வால்களை அகட்டி, முக்கோணமாக்கி நிற்கக் கற்றுக்கொள்வதே முதல் நாள். பெரியவர்கள் பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். சாய்ந்தால் ஸ்கீ முன்னால் ஓடும், ஓடினால் இன்னும் சாய்வார்கள். பூட்ஸின் முன்பட்டையில் முழங்கால் கீழெலும்பு அழுந்தும்படி முன்னால் நிற்க உடம்பு பழகுவதற்கே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதன் பிறகு பச்சை வட்டம் போட்ட எளிய பாதைகள் ஒன்றிரண்டு. முதல் சீசன் இதற்குள் முடிந்துவிடும். இதற்கு எந்த மலையும் போதும்.

ஆகவே முதல் வருடப் பணத்தைப் பாடத்தில் போடுங்கள். ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு இந்தப் பக்கமே, டென்வரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், லவ்லேண்ட் மலை இருக்கிறது. தனியார் மலை, இரண்டு பெரிய பாஸ்களிலும் சேராதது. புதியவர்களுக்கென்றே லவ்லேண்ட் வேலி என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். வேகமாக இறங்குபவர்கள் குறுக்கே வர மாட்டார்கள், அது பெரிய நிம்மதி. மூன்று பாடங்கள் கொண்ட ஒரு தொகுப்பைப் பல வருடங்களாக விற்கிறார்கள். லிஃப்ட், வாடகை, பாடம் மூன்றும் சேர்ந்தது. மூன்றையும் முடித்தால் அந்த சீசனின் மீதி நாட்களுக்கு அவர்கள் மலையின் பாஸே கையில் கிடைக்கும். இந்த வருடத்து விலையையும் நிபந்தனைகளையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு, நான் அறிந்தவரையில், கொலராடோவில் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மூன்றாவது பாடம் முடிந்த அன்று, பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரிந்திருக்கும்.

மகள் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். எபிக் ஸ்கூல்கிட்ஸ் என்ற திட்டத்தில் கிண்டர்கார்டன் முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்குக் கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ் உட்பட அவர்களது கொலராடோ மலைகளில் மலைக்கு 4 நாள் வீதம் லிஃப்ட் இலவசம். பதிவு அக்டோபரிலேயே முடிந்துவிடுவது வழக்கம், பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. இதுபோக, கொலராடோ ஸ்கீ கன்ட்ரி என்ற மலைகளின் சங்கம் 3 முதல் 6ஆம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சிறு கட்டணத்தில் ஒரு பாஸ்போர்ட் தருகிறது. லவ்லேண்ட், காப்பர் மவுன்டன் போன்ற பல மலைகளில் தலா 4 நாள். இவ்விரண்டும் கையில் இருந்தால் மகளுக்கு எந்தப் பாஸும் தேவையில்லை. பல பெற்றோருக்கு இது தெரியாமலே போகிறது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம்.

பாஸுக்கு ஆதரவாகவும் பேச வேண்டும், ஏனென்றால் வெறும் வகுத்தல் கணக்கில் பிடிபடாத ஒரு நன்மை அதில் இருக்கிறது. நாள் டிக்கெட் வாங்கியவர் காசு வீணாகக் கூடாது என்று லிஃப்ட் நிற்கும்வரை இறங்கிக்கொண்டே இருப்பார். மாலை மூன்று மணிக்கு மேல் தொடை நடுங்கும், வெயிலில் இளகிய பனி மறுபடி கட்டியாகும், வெளிச்சம் மங்கி மேடு பள்ளம் தெரியாது. நான் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்களில் பலரும் அந்த நேரத்தில் விழுந்தவர்கள்தான். பாஸ் இருப்பவர், குழந்தை சோர்ந்தால் பதினொன்றரைக்கே பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கிளம்பலாம், மனம் அடித்துக்கொள்ளாது. சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். கூட்டம் திரளும் முன் இறங்கினால் ஐ-70 நெரிசலிலும் மாட்ட மாட்டீர்கள். இப்படி அரை நாள் அரை நாளாகப் பத்து முறை போவது, முழு நாளாக ஐந்து முறை போவதைவிட நன்றாகக் கற்றுத்தரும். இரண்டாவது வருடம் நீங்கள் பாஸ் எடுக்க நேர்ந்தால் இதற்காகவே எடுங்கள்.

அப்போதும் பெரிய பாஸுக்குத் தாவ வேண்டாம். கீஸ்டோனைப் பிரதானமாகக் கொண்ட கீஸ்டோன் பிளஸ் பாஸ் 400 டாலரை ஒட்டி வருகிறது. விடுமுறை நாட்களில் செல்லாது, ஆனால் பிரெக்கன்ரிட்ஜிலும் சில நாட்கள் உண்டு. நான்கைந்து நாளில் சரிக்குச் சரியாகிவிடும். டென்வரில் இருந்துகொண்டு விமானத்தில் பறந்து யூட்டாவுக்கோ கனடாவுக்கோ ஸ்கீ செய்யப் போகப்போவதில்லை என்றால் அதற்கு மேல் என்ன தேவை என்று யோசியுங்கள். எபிக்கா ஐகானா என்பதற்கு விலையைவிட நண்பர்கள்தான் விடை. ஐகானில் வின்டர் பார்க், காப்பர், ஸ்டீம்போட், எல்டோரா எல்லாம் நல்ல மலைகள், ஆனால் 2025-26இல் முழு ஐகான் 1,329 டாலருக்குத் தொடங்கியது. நீங்கள் யாரோடு காரில் போவீர்களோ அவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதுவே உங்களுக்கும் பயன்படும்.

இதுவரை சொன்னதில் விலைக் கணக்கையும், புதியவருக்குச் சிறு சரிவே போதும் என்பதையும் உறுதியாகச் சொல்வேன். மற்றதில் எனக்கு அந்த உறுதி இல்லை. இந்த வருடம் பனி எப்படி இருக்கும் என்று அக்டோபரில் சொல்பவர் எவரையும் நான் நம்புவதில்லை. குழந்தைகளுக்குப் பிடிக்குமா என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது; முதல் அரை மணி நேரம் அழுதவர்கள் மாலையில் வீட்டுக்குக் கிளம்ப மறுத்ததும் உண்டு, நன்றாகச் செய்துவிட்டு மறுபடி வராதவர்களும் உண்டு. உங்கள் முழங்காலில் பழைய காயம் இருந்தால் அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். வேலை போனாலோ அடிபட்டாலோ பணம் திரும்ப வருமா என்று கவலைப்படுவீர்கள். காயம், நோய், வேலை இழப்பு போன்ற சில காரணங்களுக்கு, நிபந்தனைகளோடு, பயன்படுத்தாத நாட்களைப் பொறுத்துப் பணம் தரும் ஏற்பாடு எபிக் பாஸில் இருக்கிறது. மனம் மாறிவிட்டது, பனி சரியில்லை, சாலை நெரிசல் என்பவை அதில் சேராது.

லேபர் டே கெடுவைப் பற்றி: அன்று ஏறுவது பெரும்பாலும் சில பத்து டாலர்கள். விற்பனை டிசம்பர் தொடக்கம் வரை நடக்கும், அதற்குப் பிறகுதான் கதவு மூடும். கீஸ்டோனும் லவ்லேண்டும் பெரும்பாலும் நவம்பருக்குள் திறந்துவிடுகின்றன. செயற்கைப் பனி கொட்டிய ஓரிரு பாதைகள்தான் இருக்கும். புதியவர்களுக்கான இடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். திறந்திருந்தால் நவம்பரிலேயே ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். பெரியவர் இருவருக்கும் சேர்த்துக் கூடுதலாக ஆகும் அந்தச் சிறு தொகை, ஒன்றும் தெரியாமல் 2,000 டாலர் கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே பாஸ் வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள். 2025-26 சீசனிலிருந்து எபிக் பாஸ் வைத்திருப்பவர்கள் நண்பர்களுக்கு நாள் டிக்கெட்டைப் பாதி விலையில் வாங்கித் தரலாம். சிலரிடம் அவை பயன்படாமலே கிடக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் விடுமுறை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, அவர்களில் ஒருவரோடு கீஸ்டோன் போய்வாருங்கள். வார நாளில் சாலையும் காலியாக இருக்கும், லிஃப்டிலும் வரிசை இருக்காது.